தங்க ஹெல்மெட்

பனித்தளத்தைத் துடைக்கிற வண்டி உள்ளே வந்துவிட்டது. அப்படியென்றால் இடைவேளை. அப்படியென்றால் என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் பகுதியில் மீதமிருந்த நிமிடங்களை மூன்றாம் பகுதியோடு சேர்த்து ஆடிக்கொள்வார்களாம், ஒலிபெருக்கியில் சொன்னது அவ்வளவுதான். அடிபட்டது யார், எங்கே அடி, உயிர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கிடையாது. பெரிய திரையிலும் அந்த மோதலைத் திரும்பக் காட்ட மாட்டார்கள், குடும்பத்துக்குக் காட்டுகிற மரியாதையாம். குடும்பம் இதோ உட்கார்ந்திருக்கிறது. என் மேல்கோட்டில் விழுந்த பனி இன்னும் உருகவில்லை. இந்தப் பனியால்தான் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தது, நான் அரங்கத்துப் படிவாசலில் கால் வைத்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை, தவறான நாளில் வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். ரூட்னிட்ஸா ஐஸ் ஹாக்கி அரங்கம் சத்தமில்லாமல் இருந்து இந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இது இரும்பாலை ஊர். முரசுக்குப் பதில் இரும்புத் தகட்டை அடிப்பார்கள், கோல் விழுந்தால் ஆலையின் பழைய ஷிப்ட் சங்கை ஊதுவார்கள், அதைக் கேட்டால் எனக்குத் திருப்பூர் மில் சங்கு ஞாபகம் வரும். இன்று அத்தனை பேரும் எழுந்து நின்று வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது தங்க ஹெல்மெட். தலை இல்லாத வெறும் ஹெல்மெட், தளத்தில் வரைந்த நீலக் கோட்டருகே கவிழ்ந்து கிடந்தது. தள்ளி ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்றார்கள், போர்வைகளைத் திரைச்சீலை மாதிரி பிடித்து மறைத்திருந்தார்கள், போர்வைக்குக் கீழே இரண்டு ஸ்கேட்களின் நுனி தெரிந்தது, அவை அசையவில்லை. அப்புறம் ஸ்ட்ரெச்சர் போனது. நான் எப்படி என் இருக்கைக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கை மில்கா என் கையைப் பிடித்தாள், இன்னும் விடவில்லை.

தங்க ஹெல்மெட் என்றால் லோவ்ரோ. ஸ்லோவேனியாவில் பால்குடிக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இங்கே லீக்கில் அது ஒரு வழக்கம், ஒவ்வோர் அணியிலும் யார் அதிகப் புள்ளி எடுத்திருக்கிறானோ அவன் தலையில் தங்க நிறம், மற்றவர்களுக்கெல்லாம் அணியின் சிவப்பு. கூட்டம் அவனைச் சட்டென்று அடையாளம் காணட்டும் என்று வைத்தார்களாம். கூட்டம் மட்டுமா காணும், எதிரணித் தடியன்களும்தானே காண்பார்கள். கெடாவுக்கு மாலை போடுவதும் ஊர் பார்க்கத்தான் என்று ஒருமுறை சொன்னேன். லோவ்ரோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மாலை விழாத கெடாவுக்குத்தான் வருத்தமாக இருக்கும் வசு என்றான். ஆறு குளிர்காலமாக அந்த ஹெல்மெட் அவன் தலையை விட்டு இறங்கவில்லை. லோவ்ரோ பொட்லெஸ்னிக், ஆலையில் கிரேன் ஓட்டியவரின் மகன், இந்த ஊர்ப் பனியில் சறுக்கப் பழகி ஸ்வீடனுக்குப் போனவன், அங்கிருந்து கனடா போய்ப் பெரிய அணியின் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, எனக்கு எங்கள் ஆலைச் சங்கு கேட்க வேண்டும் என்று சொல்லித் திரும்பி வந்தவன். ஜெயித்து வந்திருந்தால்கூட இவ்வளவு கொண்டாடியிருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே திரும்பி வந்தான் பாருங்கள், அதில் ஊர் சொக்கிப்போய்விட்டது. பேருந்தின் முதுகு முழுக்க அவன் சிரிப்பு, இன்று நான் வந்த பேருந்திலும் அதுதான். ரொட்டிக்கடையில் முட்டை பூசி மினுங்குகிற ஒரு பன்னுக்கு அவன் பெயர். வரிசையில் நின்றால் கடைக்காரி விட மாட்டாள், "லோவ்ரோ சம்சாரம் பன்னுக்கு வரிசைல நிக்கறதா, முன்னால வாங்க கண்ணு" என்பாள். அவள் சொல்வது ஸ்லோவேனிய மொழிதான், ஒன்பது வருஷத்தில் அது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழப் பழகிவிட்டது. ஊர் முழுக்கத் தங்கத் தலையைத்தான் பார்க்கும். நானும்தான். இத்தனை கவசத்தையும் மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி பீப்பாயாக ஓடும்போது வேறு எதைப் பார்ப்பது. முதுகில் எண் இருக்கிறது, அந்த எண்ணைத் தைக்கிற இந்த ஊர்ப் பனியன் கம்பெனிக்குத்தான் திருப்பூரிலிருந்து வேலைக்கு வந்தேன், அங்கே அளவு கொடுக்க வந்துதான் என்னைக் கட்டிக்கொண்டான். ஆனால் மல்லாந்து கிடக்கிறவன் முதுகு யாருக்குத் தெரியும்.

போன் அதிர்கிறது. அம்மா. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்துவிட்டேன். "கண்ணு, மாப்ளைக்கு என்னாச்சு? தம்பி போன்ல பார்த்துட்டிருந்தோம். தங்கத் தொப்பி கீழ உருண்டுச்சு, அப்பறம் படம் நின்னுபோச்சு." தெரியலைங்மா என்றேன். "தெரியலையா? நீ அங்கதானே இருக்கற?" அங்கேதான் இருக்கிறேன், எனக்கும் தொப்பிதான் தெரிந்தது. "பண்ணாரியாத்தா, எம் பிள்ளை தாலிய நீதான் பார்த்துக்கோணும், நா வந்து குண்டம் எறங்கறேன்" என்று அம்மா தொடங்க, வச்சிர்றனுங்மா என்று வைத்துவிட்டேன். என் புருஷன் பனியில் விழுந்ததற்கு அம்மா நெருப்பில் இறங்கப் போகிறாள். கல்யாணத்தில் பெரியப்பா அவனிடம் கேட்டது ஞாபகம் வருகிறது, இந்த நேரத்தில் போய் இது ஏன் ஞாபகம் வர வேண்டும். "மாப்ளைக்கு என்ன தொழிலு?" ஐஸ்லீங்க பெரியப்பா என்றேன். "ஐஸ் பேக்டரியா? நல்ல யாவாரம், மீனுக்காரன் இருக்கற வரைக்கும் ஓடும்." லோவ்ரோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவன் பெரியப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு நின்றான், வெள்ளைக்காரன் என்று இரண்டு பேர் பார்த்தார்கள், லோவ்ரோ என்று ஒருவரும் பார்க்கவில்லை. இங்கே நான் யாருமே இல்லை வசு, எவ்வளவு சுகமாக இருக்கிறது என்றான். மூன்றாவது நாள் காலையில், இங்கே ஒருத்தருக்குமே என்னைத் தெரியாதா என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கேட்டான்.

வண்டி சுற்றுகிறது. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே வருகிறது. ஹெல்மெட் கிடந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அங்கே ஒரு கறை இருக்கிறதா, இங்கிருந்து தெரியவில்லை, இருக்கிறது என்று ஒரு தடவையும் இல்லை என்று ஒரு தடவையும் கண் சொல்கிறது. காலையில் என்ன நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன், அவன் கிளம்பும்போது வாசலிலிருந்து வீட்டுச் சாவியைப் போட்டான். எங்கள் வீட்டில் எதையும் கையில் கொடுப்பது கிடையாது. எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, ஏலக்காய் டப்பா, எல்லாம் பறந்துதான் வரும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், நான் கையை நீட்டினால் போதும், பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வானொலிக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள், லோவ்ரோவிடமிருந்து பாஸ் வந்து சேரும், நீங்கள் மட்டையைத் தரையில் வைத்திருங்கள், அது போதும் என்பார்கள். கோல் போட எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பாஸ் போட இவனை விட்டால் ஆள் இல்லை. காலையில் சாவி என் கால்கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக் கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னையே பார்த்தான், பேருந்துப் படத்தில் இருக்கிற மாதிரி, என்ன போஸா என்றேன். இன்றைக்கு நீ மேட்ச்சுக்கு வர வேண்டாம், பனி அதிகம் என்றான். வெளியே, அவனோடு அணியில் ஆடுகிற டோமனின் கார் ஹாரன் அடித்தது, போய்விட்டான். கார் கிளட்ச் சரியில்லை என்று இரண்டு வாரமாக டோமனோடுதான் போகிறான். போகும்போது முத்தம் கொடுத்தானா. கொடுத்தான். அது காதில் விழுந்தது. கூசுகிறது போ என்றேன். கடைசியாக நான் அவனிடம் சொன்னது அதுதானா, கூசுகிறது போ.

மில்காவின் நகம் என் கையில் பதிகிறது. டோமனின் அம்மா அவள், பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள், நல்ல தாட்டியான பெண்பிள்ளை, மகன் இந்த அணிக்கு வந்த இரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள், மகன் தடுக்கி விழுந்தால்கூட ஊசியை நிறுத்த மாட்டாள். இன்று ஊசியும் நூலும் காலடியில் கிடக்கின்றன. கண்ணீர் தாடையில் சொட்டுகிறது, துடைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது, சொன்னால் பாவம், ஆனால் வருகிறது. என் புருஷன் உள்ளே எப்படிக் கிடக்கிறானோ, நான் ஒரு பொட்டு அழவில்லை, இவள் எதற்கு ஒப்பாரி வைக்கிறாள். இருந்தாலும் அவள் பையனுக்கு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் மலையாகக் குவித்து, நெய்க்குப் பதில் புளித்த கிரீமை ஊற்றிச் சாப்பிடுவான், லோவ்ரோவை அண்ணன் மாதிரி வைத்திருக்கிறான், அந்தப் பாசம் போலிருக்கிறது. அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அழாதீங்க, எந்திரிச்சிருவாங்க என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எந்திரிக்கோணும். கண்டிப்பா எந்திரிக்கோணும்" என்றாள். பின்வரிசையில் தகடு அடிக்கிற ப்ராங்கோ கிழவர் என் பார்வை பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் திருப்பிக்கொள்கிறார்கள். பன் கடைக்காரி இரண்டு வரிசை கீழே இருக்கிறாள், என்னைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடுகிறாள். அவ்வளவு மோசமா. நான் பார்க்காததை இவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதனால் கேட்கப் பயமாக இருக்கிறது.

சிவப்புக் கோட்டு மட்டும் வரக் கூடாது. இங்கே அது ஒரு முறை. லேசான அடி என்றால் யாரும் வர மாட்டார்கள், ஆட்டம் முடிந்து வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பெரிய அடி என்றால் கிளப் ஊழியர் ஸ்டானே சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு படியேறி வந்து அந்த வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார். இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறார். ஒரு தடவை எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு, அவள் எழுந்து போனபோது மடியிலிருந்த பையை மறந்துவிட்டுப் போனாள். மார்கழியில் லோவ்ரோ கண்ணாடிச் சுவரில் போய் மோதினானே, அன்றைக்குக்கூட சிவப்புக் கோட்டு வரவில்லை, அவனே எழுந்துவிட்டான், கையைத் தூக்கிக் காட்டினான், சங்கு ஊதினார்கள். அப்புறம் கொஞ்ச நாளாகச் சங்கு அவனுக்காக ஊதவில்லை, சனி பிடித்திருக்கிறது, விட்டுவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். இன்றைக்கு யார் வரக் கூடாது என்று நினைத்தேனோ அவர் வருகிறார். கீழ்ப்படியில் சிவப்பு தெரிகிறது. வேறு வரிசைக்கு இருக்கும். இல்லை, ஏறி வருகிறார். தலையைக் குனிந்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயசான மனுஷன், மெதுவாக வருகிறார், இன்னும் மெதுவாக வரட்டும், அவர் வந்து சேராத வரைக்கும் லோவ்ரோ இருக்கிறான். பன் கடைக்காரியின் வரிசையைத் தாண்டிவிட்டார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், மறந்துவிட்டுப் போகக் கூடாது. எழுந்து நின்றேன். ஸ்டானே எங்கள் வரிசையில் நின்றார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் பார்த்தார். "மில்கா," என்றார், "வாங்க தாயி. பேசறான். உங்களைத்தான் கேக்கறான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லோவ்ரோ ஏன் மில்காவைக் கேட்கிறான். தப்பான ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மில்கா என் கையை விட்டாள், அவள் நகம் பதிந்த இடம் நாலு பிறை மாதிரி இருந்தது. காலை அசைக்கிறானா என்று கேட்டாள், அசைக்கிறான் என்றார், அவள் ஸ்டானேயின் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், அப்போதுதான் எனக்குள்ளே இறங்கியது. டோமன். கிடந்தது டோமன். இவ்வளவு நேரம் தேற்ற வேண்டியவளைப் பார்த்து நான் எரிச்சல்பட்டேன், அவள் துக்கத்தை என்னுடையது என்று பிடுங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் முதலில் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், முதலில் வந்தது சந்தோஷம். என் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான், எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது, உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட் என்று சொன்னேன் போலிருக்கிறது, சத்தமாகவே. பின்னாலிருந்து ப்ராங்கோ குனிந்தார். "இன்னைலிருந்து அது டோமனுக்குங்க. போன மேட்ச்சோட புள்ளியில தாண்டிட்டான். காலைப் பேப்பர்லயே போட்டிருந்துது. உங்களுக்குத் தெரியாதுங்களா?" ஊருக்கெல்லாம் தெரியும். பன் கடைக்காரிக்குத் தெரியும். ஒரே வீட்டில் தூங்கி எழுகிற எனக்குத் தெரியாது. பனி அதிகம், வர வேண்டாம் என்றானே, அது இதற்குத்தானா. மாலை விழாத கெடா.

அப்படியானால் லோவ்ரோ எங்கே இருந்தான். அந்த வட்டத்தில் நின்றிருப்பான். போர்வையைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று அவனுடையதாக இருந்திருக்கும். என் கண்ணுக்கு முன்னாலேயே சறுக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பான், நான் அவனைப் பார்த்திருக்கிறேன், சிவப்புத் தலைகளில் ஒரு தலை என்று தள்ளிவிட்டிருக்கிறேன். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அடையாளம் ஒரு சாயம் பூசிய தொப்பி. திகைப்பாக இருக்கிறது, என்னையே யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் இவர்களெல்லாம் ஏன் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்ப வேண்டும். அடிபட்டது என் ஆள் இல்லையே. ப்ராங்கோவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தகட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என்ன நடந்ததுங்க என்றேன். "பாஸ் ஒண்ணு..." என்றார். "எந்தப் பாஸ்?" "காலடிக்கு வந்துருச்சுங்க. டோமன் குனிஞ்சு பார்த்தான். குனிஞ்ச நேரத்துல அந்தத் தடியன் வந்து மோதிட்டான்." ஐஸ் ஹாக்கியில் இதற்கு மேல் பெரிய குற்றம் கிடையாது, ஓடி வருகிறவனின் காலடிக்குப் பாஸ் போட்டால் அவன் குனிய வேண்டும், குனிந்தவனுக்கு எதிரே வருகிறவன் தெரிய மாட்டான். கற்றுக்குட்டிகள்தான் அப்படிப் போடுவார்கள். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான். "இத்தனை வருஷத்துல ஒரு பாஸ் தப்பாத மனுஷன். தொப்பி போன அன்னைக்கின்னு பார்த்துத் தப்புதாமா." ப்ராங்கோ அவனை அதட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

லோவ்ரோ அப்படிச் செய்ய மாட்டான். செய்ய மாட்டான் என்று சொல்கிறேன், சொல்லச் சொல்ல அந்த மூன்றாவது நாள் காலை வந்து நிற்கிறது, ஒருத்தருக்குமே என்னைத் தெரியாதா. கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழம் போடுகிறவன். மட்டை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், காலடி எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஹெல்மெட் போனதை என்னிடம் மறைத்தவன் இன்னும் எதை மறைத்திருக்க மாட்டான். காலையில் அதே டோமனின் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறான், அந்தக் காருக்குள் என்ன பேசியிருப்பார்கள். இவன்தான் எனக்குப் புருஷன் என்று வைத்துக்கொண்டு, இவன் செய்திருப்பானா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மில்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன். செத்துப்போனானோ என்று பயந்தேன், அந்தப் பயமே தேவலாம் என்று இருக்கிறது. வண்டி ஹெல்மெட் கிடந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது, தளம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அங்கே எதுவுமே நடக்கவில்லை என்பது மாதிரி இருக்கிறது.

அணி வெளியே வருகிறது. எப்போதும் லோவ்ரோ தலை தெரிந்ததுமே கூட்டம் பெயரை இரண்டாக உடைத்துக் கத்தும், லோவ், ரோ, லோவ், ரோ, கூரைத் தகரம் அதிரும். இன்று ஒருவரும் கத்தவில்லை. எங்கிருந்தோ ஒருவன் விசில் அடித்தான். இங்கே விசில் அடித்தால் காறித் துப்புவதற்குச் சமம். இன்னும் இரண்டு விசில் சேர்ந்தது. சிவப்புத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், முதுகில் பத்தொன்பது, நான் தைத்த எண். சிவப்பு ஹெல்மெட்டில் அவன் முகம் சின்னதாக இருக்கிறது, காதோரம் நரைத்திருக்கிறது, அது எப்போது நரைத்தது. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் என் இருக்கைக்கு நேராக வந்து மட்டையால் தளத்தை இரண்டு தட்டுத் தட்டுவான், நான் கையைத் தூக்குவேன், ஊரே பார்க்கும், அது எங்களுக்கு முதல் வருஷத்திலிருந்து பழக்கம். இன்றும் வந்தான். நான் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன், அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து மேலே பார்த்தான். இரண்டு தட்டுத் தட்டினான். என்னைப் பார்த்து இல்லை. எனக்குப் பக்கத்தில், மில்காவின் காலி இருக்கையைப் பார்த்து. அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தேன், அப்புறம்தான் அவன் சிரிக்க முயற்சி செய்வதைப் பார்த்தேன், எனக்கு மட்டும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு, யாருமே இல்லாத இருக்கைக்கு. நான் எழுந்து கையை ஆட்டினேன். அவன் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவி கால்கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. முத்தம் காதில் விழுந்தது. போன வாரம் காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். கிளட்ச்சுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சாய்த்த தலை போஸ் இல்லை. மார்கழியில் கண்ணாடிச் சுவரில் மோதிவிட்டு எழுந்து கையைத் தூக்கினான், நாங்கள் சங்கு ஊதினோம்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இன்னொரு பகுதி ஆடப் போகிறான். எதிரணியில் ஒவ்வொருத்தனும் இரும்புக் கட்டை மாதிரி வருவான், இவன் வருகிறவனைப் பார்க்காமல் வராத இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், சிவப்புக் கோட்டு மறுபடியும் படியேறும், இந்தத் தடவை என்னைத் தாண்டிப் பார்க்காது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பேருந்திலிருந்து சிரிப்பை உரித்துவிடுவார்கள், பன்னுக்கு வேறு பெயர் வைப்பார்கள், பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ற மாதிரி இந்த ஊரிலும் நிற்பான். அவன் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன் என்று காலத்துக்கும் என்னை மன்னிக்காமல் போகலாம். போகட்டும். படியிறங்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுக்குப் பின்னால் பெண்டாட்டிமார் வரக் கூடாது, வந்தால் தோல்வி என்று இங்கே ஒரு நம்பிக்கை, யாரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள், கோட்டைக் கழற்றி அவர்கள் கையிலேயே விட்டுவிட்டேன். கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையாலும் அடித்தேன். பயிற்சியாளர் திரும்பினார். லோவ்ரோ களத்துக்குள் இறங்கத் தடுப்பின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டிருந்தான். "அவனை எறக்காதீங்க," என்றேன், "அவனுக்குக் கண்ணு சரியில்லைங்க." விசில் அடித்தவர்களும் நிறுத்தியிருந்தார்கள், மேலே ப்ராங்கோ வரைக்கும் கேட்டிருக்கும், திருப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

லோவ்ரோ காலை உள்ளே எடுத்துக்கொண்டான். கத்துவான் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான், விளிம்பில் வைத்தான், அது கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தான். தடுப்பின் இடுக்கு வழியாக அவன் மூச்சு வெதுவெதுப்பாக வந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "டிசம்பர்ல அடிபட்டதுலிருந்து. எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது வசு. எது நெசம்னு பார்த்துப் பார்த்துப் போட்டுட்டிருந்தேன். இன்னைக்கு தப்பான டோமனுக்குப் போட்டுட்டேன்." நான் கண்ணாடியில் கையை வைத்தேன், மில்காவின் நகம் பதிந்த கையை. அவனும் தன் கையைத் தூக்கி வைத்தான். அது என் கை இருந்த இடத்தில் படவில்லை, ஒரு சாண் தள்ளிப் பட்டது. நான் என் கையை அங்கே நகர்த்தி வைத்தேன்.